பிராட்மன் காலத்தில் எழுந்து நின்ற இன்னொரு மலை: ஜார்ஜ் ஹெட்லி

டெஸ்ட் கிரிக்கெட்டில் இதுவரை ஆடியவர்களில் தலைசிறந்த பந்தடிப்பாளர் யார்? மாமாக் கடை மேசையானாலும் தோட்டத்துத் திடலோரமானாலும் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் தேநீர் ஆறிப்போகும் வரை பேச்சு ஓயாது. மூத்தவர்கள் கவாஸ்கர், விவியன் ரிச்சர்ட்ஸ் என்பார்கள். அடுத்த தலைமுறை டெண்டுல்கர் பக்கமும் லாரா பக்கமும் பிரிந்து நிற்கும். இளையவர்கள் விராட் கோலியின் பெயரோடு வருவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கடைசியில் டான் பிராட்மன் என்பார். 99.94 என்ற சராசரியைச் சொன்னதும் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

இந்தப் பேச்சில் பெரும்பாலும் வராத ஒரு பெயர் உண்டு. ஜார்ஜ் அல்போன்சோ ஹெட்லி. மேற்கிந்தியத் தீவுகளின் முதல் பெரும் பந்தடிப்பாளர். பிராட்மன் ஆடிய அதே ஆண்டுகளில் ஆடியவர். மொத்தம் 22 டெஸ்ட் ஆட்டங்கள், 2,190 ஓட்டங்கள், 10 சதங்கள், சராசரி 60.83. இன்றைய ஆட்டக்காரர்களின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஆட்டங்களும் ஓட்டங்களும் மிகக் குறைவு. ஏன் குறைந்தன என்பதில்தான் அவருடைய வாழ்க்கைக் கதையே இருக்கிறது. வெவ்வேறு காலத்து வீரர்களை எந்தத் தராசில் நிறுப்பது என்ற கேள்விக்கும் அந்தக் கதையில் பதில் கிடைக்கிறது.

கால்வாய்த் தொழிலாளியின் மகன்

ஹெட்லி பிறந்தது மேற்கிந்தியத் தீவு எதிலும் அல்ல. 1909 மே 30ஆம் தேதி பனாமா நாட்டின் கோலோன் நகரில் பிறந்தார். அப்போது அங்கே அமெரிக்கர்கள் பனாமா கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் வயிற்றுப்பாட்டுக்குப் போதாத கூலி வாங்கிய பல்லாயிரம் கறுப்பினத் தொழிலாளர்கள் பார்படோசிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் கப்பலேறி அந்த வேலைக்குப் போனார்கள். ஹெட்லியின் தந்தை பார்படோசைச் சேர்ந்தவர், தாய் ஜமைக்காவைச் சேர்ந்தவர்.

கால்வாய் வேலையில் இரண்டு சம்பளப் பட்டியல்கள் இருந்தன. வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்கப் பட்டியல். கறுப்பினத் தொழிலாளர்களுக்கு வெள்ளிப் பட்டியல். சம்பளம் மட்டும் இல்லாமல் குடியிருப்பு, சாப்பாடு, பள்ளி என எல்லாமே அந்தப் பட்டியலின்படி பிரிந்திருந்தன. பிழைக்கக் கடல் கடந்த பாட்டன் பாட்டியின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது.

கால்வாய் வேலை முடிந்ததும் குடும்பம் அடுத்த பிழைப்பைத் தேடி கியூபாவுக்குப் போனது. பையன் வாயில் ஸ்பானிஷ் மொழிதான் வந்தது. ஆங்கிலப் பள்ளியில் படிக்காவிட்டால் எதிர்காலம் இல்லை என்று கவலைப்பட்ட தாய், 1919இல் பத்து வயது மகனை ஜமைக்காவுக்கு அழைத்து வந்தார். தலைநகர் கிங்ஸ்டனில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார் ஹெட்லி. பள்ளி அணியில் அவருக்குக் கிடைத்த இடம் விக்கெட் காப்பாளர். கையுறை வாங்க வசதி இல்லாததால் வெறுங்கையோடு பந்தைப் பிடித்தார்.

அவர் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஆவார் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அமெரிக்காவுக்கு அனுப்பிப் பல் மருத்துவம் படிக்க வைக்க ஏற்பாடு நடந்தது. பயணப் பத்திரங்கள் வந்து சேரத் தாமதமாயின. அந்த இடைவெளியில், 1928 பிப்ரவரியில், டென்னிசன் பிரபு என்ற இங்கிலாந்து ஆட்டக்காரர் ஓர் அணியோடு ஜமைக்கா வந்தார். அவர்களை எதிர்க்கும் ஜமைக்கா அணியில் 18 வயது ஹெட்லிக்கு இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் 71 ஓட்டம் எடுத்தார். இரண்டாவது ஆட்டத்தில் 211. அதன் பிறகு பல் மருத்துவப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதே 1928இல்தான் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்தில் தன் முதல் டெஸ்ட் தொடரை ஆடியது. அந்தப் பயணத்திற்கு ஹெட்லியைத் தேர்வு செய்யவில்லை. மூன்று டெஸ்டிலும் அணி இன்னிங்ஸ் தோல்வி கண்டு திரும்பியது.

இருபது வயதில் நான்கு சதங்கள்

1930 ஜனவரியில் இங்கிலாந்து அணி கரீபியத் தீவுகளுக்கு வந்தபோது ஹெட்லியின் டெஸ்ட் வாழ்க்கை தொடங்கியது. பார்படோசின் பிரிட்ஜ்டவுன் நகரில் நடந்த முதல் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்சில் 176 ஓட்டம் எடுத்தார். அறிமுக டெஸ்டிலேயே சதமடித்த முதல் மேற்கிந்திய வீரர் அவர்தான்.

அடுத்த மாதம் ஜார்ஜ்டவுனில் மூன்றாவது டெஸ்ட். முதல் இன்னிங்சில் 114, இரண்டாவது இன்னிங்சில் 112. ஒரே டெஸ்டின் இரு இன்னிங்சிலும் சதமடித்த முதல் மேற்கிந்திய வீரர் என்ற பெயரும் அவருக்கே கிடைத்தது. அந்த ஆட்டத்தில் கிளிஃபோர்ட் ரோச் 209 ஓட்டம் குவித்தார். மேற்கிந்தியத் தீவுகள் 289 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. டெஸ்ட் வரலாற்றில் அந்த அணியின் முதல் வெற்றி அது.

கடைசி டெஸ்ட் ஹெட்லியின் சொந்த ஊரான கிங்ஸ்டனில் நடந்தது. நாள் கணக்குப் பார்க்காமல், முடிவு தெரியும் வரை ஆடுவது என்று பேசி வைத்த ஆட்டம். இங்கிலாந்து முதல் இன்னிங்சில் 849 ஓட்டம் குவித்தது. ஆண்டி சாண்டம் அடித்த 325, டெஸ்ட் வரலாற்றின் முதல் முச்சதம். கடைசி இன்னிங்சில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு இலக்கு 836 ஓட்டம். மனம் விட்டுப்போக வேண்டிய நேரத்தில் ஹெட்லி நின்று ஆடி 223 ஓட்டம் எடுத்தார். அணி 5 விக்கெட்டுக்கு 408 ஓட்டம் எடுத்திருந்தபோது மழை வந்தது. இரண்டு நாள் மழையில் போக, இங்கிலாந்து வீரர்கள் ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

நான்காவது இன்னிங்சில் ஒருவர் எடுத்த ஆக அதிக ஓட்டம் அந்த 223. 1979இல் கவாஸ்கர் ஓவல் திடலில் 221 வரை வந்தார். 2002இல் நியூசிலாந்தின் நேதன் ஆஸ்டல் 222 எடுத்து ஓர் ஓட்டத்தில் தவறவிட்டார்.

அந்தத் தொடரில் ஹெட்லி எடுத்தது 703 ஓட்டங்கள். நான்கு சதங்கள். அப்போது அவருக்கு 21 வயதுகூட நிறையவில்லை. டெஸ்டில் மிக இளம் வயதில் இரட்டைச் சதம் அடித்தவர் என்ற சாதனை, 1976இல் பாகிஸ்தானின் ஜாவெட் மியான்டாட் முறியடிக்கும் வரை அவரிடமே இருந்தது.

ஆஸ்திரேலியா கற்றுக்கொடுத்த பாடம்

அதே ஆண்டு இறுதியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. அங்கே ஹெட்லிக்காகக் காத்திருந்தவர் கிளாரி கிரிமெட். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த சுழற்பந்துவீச்சாளர்களில் ஒருவர். ஹெட்லியின் பலம் வலப்பக்கம் என்பதைக் கண்டுகொண்ட அவர், கால் பக்கமாகவே பந்தைப் போட்டுக் கட்டிப்போட்டார். முதல் இரண்டு டெஸ்டிலும் ஹெட்லியின் மட்டை பேசவில்லை.

இருபத்தொரு வயதில், உலகமே புகழ்ந்த ஆட்டத்தை ஒருவர் மாற்றிக்கொள்வது எளிதன்று. ஹெட்லி மாற்றினார். நிற்கும் விதத்தையும் காலை நகர்த்தும் விதத்தையும் தொடரின் நடுவிலேயே திருத்திக்கொண்டார். மூன்றாவது டெஸ்டில், பிரிஸ்பேனில், அணி மொத்தமே 193 ஓட்டத்தில் சுருண்டது. அதில் ஹெட்லி மட்டும் ஆட்டமிழக்காமல் 102. அதே ஆட்டத்தில் பிராட்மன் 223 அடித்தார். ஆனால், பிராட்மனின் அணி எடுத்தது 558.

சிட்னியில் நடந்த கடைசி டெஸ்டில் ஹெட்லி மீண்டும் சதம் கண்டார். மேற்கிந்தியத் தீவுகள் 30 ஓட்ட வித்தியாசத்தில் ஆஸ்திரேலிய மண்ணில் முதல்முறையாக வென்றது. தான் பந்து வீசியவர்களில் கால் பக்க ஆட்டத்தில் ஹெட்லிக்கு நிகர் யாரும் இல்லை என்று பின்னாளில் கருத்துச் சொன்னவர் வேறு யாருமல்லர், அந்தக் கிரிமெட்தான்.

பத்திரிகைகள் ஹெட்லியைக் கறுப்பு பிராட்மன் என்று எழுதத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். பாராட்டாகச் சொன்ன பெயர்தான். ஆனாலும் ஒருவரை இன்னொருவரின் நிழலாக்கிவிடும் பெயர். கரீபியத் தீவுகளின் ரசிகர்கள் அதை அப்படியே திருப்பிப்போட்டார்கள். பிராட்மன்தான் வெள்ளை ஹெட்லி என்பது அவர்கள் வாதம்.

அணியைச் சுமந்த தோள்

1932இல் டென்னிசன் பிரபு மீண்டும் ஓர் அணியோடு ஜமைக்கா வந்தார். ஹெட்லி ஆட்டமிழக்காமல் 344 ஓட்டம் எடுத்தார். ஆறாவது விக்கெட்டுக்கு மட்டும் 487 ஓட்டங்கள் சேர்ந்தன. அது அன்றைய உலக சாதனை. 1933இல் இங்கிலாந்துப் பயணத்தில் 2,320 ஓட்டங்கள் குவித்தார். மான்செஸ்டர் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 169. கிரிக்கெட் உலகின் பழம்பெரும் ஆண்டிதழான விஸ்டன், 1934இல் அவரைச் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

1935இல் இங்கிலாந்து அணி கரீபியத் தீவுகளுக்கு வந்த தொடரில் முதல் டெஸ்டை இங்கிலாந்து வென்றது. இரண்டாவதை மேற்கிந்தியத் தீவுகள் வென்றது. மூன்றாவது சமநிலை. எல்லாம் கிங்ஸ்டனில் நடக்கும் கடைசி டெஸ்டில் வந்து நின்றது. சொந்த மக்கள் முன்னிலையில் ஹெட்லி ஆட்டமிழக்காமல் 270 ஓட்டம் எடுத்தார். அணி 7 விக்கெட்டுக்கு 535 என்று ஆட்டத்தை முடித்துக்கொண்டது. இங்கிலாந்து 271க்கும் 103க்கும் ஆட்டமிழந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி அது.

ஹெட்லிக்குச் சக வீரர்கள் வைத்த பட்டப்பெயர் அட்லஸ். கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் தாங்கி நிற்பவன் அட்லஸ். நம் புராணத்தில் பூமியைத் தலையில் தாங்கும் ஆதிசேடனைப் போல. அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதைக் கணக்கே காட்டிவிடும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் மேற்கிந்தியத் தீவுகள் ஆடியது 22 டெஸ்ட். ஹெட்லி ஆடியது 19. அந்த ஆண்டுகளில் அணி முழுவதும் சேர்ந்து அடித்த டெஸ்ட் சதங்கள் 15. அவற்றில் 10 ஹெட்லியுடையவை. அணி வென்றது நான்கே ஆட்டங்கள். அந்த நான்கிலும் அவர் பங்கைப் பாருங்கள்: ஜார்ஜ்டவுனில் 114, 112, சிட்னியில் 105, 1935இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 93, கிங்ஸ்டனில் 270. அவர் பெரிய அளவில் ஓட்டம் எடுக்காமல் அணி ஓர் ஆட்டத்தைக்கூட வென்றதில்லை.

பெரிய ஆட்டத்திற்கு முந்தைய இரவு அவர் சரியாகத் தூங்குவதில்லை என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மறுநாள் சந்திக்கப்போகும் பந்துவீச்சாளர்களை மனக்கண்ணில் கொண்டுவந்து, ஒவ்வொரு பந்தையும் படுக்கையிலேயே ஆடிப் பார்ப்பாராம். தான் ஆட்டமிழந்தால் அணி ஆட்டமிழந்தது என்ற நிலையில் இருப்பவருக்கு உறக்கம் எப்படி வரும்?

1939இல் லண்டன் லார்ட்ஸ் திடலில் அந்தச் சுமை இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. அணி எடுத்தது 277, 225. ஹெட்லி எடுத்தது 106, 107. லார்ட்ஸ் டெஸ்டின் இரு இன்னிங்சிலும் சதமடித்த முதல் வீரர் அவர். அடுத்தவர் வர 51 ஆண்டுகள் பிடித்தன. 1990இல் இங்கிலாந்தின் கிரஹம் கூச் அதைச் செய்தார். ஹெட்லி அந்தச் சாதனையைச் செய்தும், லென் ஹட்டனும் டெனிஸ் காம்ப்டனும் சதமடித்த இங்கிலாந்து எட்டு விக்கெட் வித்தியாசத்தில் எளிதாக வென்றது.

தராசில் எதை வைப்பது?

பிராட்மனின் கணக்கு 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6,996 ஓட்டம், 29 சதம். அந்த 99.94ஐ யாரும் நெருங்கியதில்லை. ஹெட்லியின் 60.83, சோபர்சின் 57.78, டெண்டுல்கரின் 53.78, லாராவின் 52.88 எல்லாம் அதற்கு வெகு கீழே நிற்கின்றன. இந்த எண்களை மட்டும் வைத்தால் விவாதத்திற்கு இடமில்லை. ஆனால், எண்களுக்குப் பின்னால் இருப்பவற்றையும் பார்க்க வேண்டும்.

முதலாவது ஆடுகளம். இன்று மழை வந்தால் ஊழியர்கள் ஓடிவந்து ஆடுகளத்தை மூடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்கிய பிறகு ஆடுகளம் பெரும்பாலும் மழையில் நனையும், வெயிலில் காயும். காய்ந்துகொண்டிருக்கும் ஈர மண்ணில் ஒரு பந்து எகிறும், அடுத்த பந்து தாழும், இன்னொன்று பக்கவாட்டில் திரும்பும். பேர்போன பந்தடிப்பாளர்களும் அங்கே தடுமாறினார்கள்.

டிரினிடாட்டில் பிறந்த எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், 1963இல் வெளிவந்த தமது கிரிக்கெட் நூலில் இதற்கென்றே ஒரு கணக்குப் போட்டார். ஈரமான அல்லது நம்ப முடியாத ஆடுகளங்களில் பிராட்மன் ஆடிய 15 இன்னிங்ஸ், ஹெட்லி ஆடிய 13 இன்னிங்ஸ். பிராட்மன் ஒரே ஒருமுறைதான் 50ஐத் தாண்டினார், சராசரி 16.66. ஹெட்லி ஏழுமுறை 50ஐத் தாண்டினார், சராசரி 39.85.

1935 பிரிட்ஜ்டவுன் டெஸ்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மழையில் ஊறிய ஆடுகளத்தில் மேற்கிந்தியத் தீவுகள் 102 ஓட்டத்தில் சுருண்டது. அதில் 44 ஹெட்லியுடையது. ஆடுகளம் அவ்வளவு மோசமாக இருந்ததால் இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 81 ஓட்டத்திலேயே ஆட்டத்தை முடித்துக்கொண்டு எதிரணியை அந்தச் சேற்றில் இறக்கியது. 1939 மான்செஸ்டரிலும் இதே கதை. அணி 133, ஹெட்லி 51.

ஹெட்லியால் இது முடிந்ததற்குக் காரணம் அவர் பந்தைச் சந்தித்த விதம். காலைப் பின்னால் வைத்து, பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கடைசி நொடி வரை பார்த்து, தாமதமாகவே மட்டையை நீட்டுவார். பந்து என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் ஏமாந்த இடத்தில் அவர் தப்பித்தார்.

இரண்டாவது, கூட நின்றவர்கள். பிராட்மனுக்கு முன்னும் பின்னும் போன்ஸ்ஃபோர்ட், உட்ஃபுல், மெக்கேப் போன்றவர்கள் ஆடினார்கள். பிராட்மன் ஆட்டமிழந்தாலும் ஆஸ்திரேலியா நிமிர்ந்து நிற்கும். ஹெட்லிக்கு அந்த வசதி கிடையாது. எதிரணியின் திட்டம் முழுவதும் அவர் ஒருவரைச் சுற்றியே இருந்தது.

மூன்றாவது, கிடைத்த வாய்ப்பு. டெண்டுல்கர் 24 ஆண்டுகளில் 200 டெஸ்ட் ஆடினார். ஹெட்லியின் உச்சமான பத்து ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தது 19. பெரிய நாடுகள் தங்களுக்குள் ஐந்து டெஸ்ட் ஆடிக்கொண்டு, இங்கிலாந்து வந்த மேற்கிந்தியத் தீவுகளுக்கு மூன்று டெஸ்ட் கொடுத்தன. 1935 முதல் 1939 வரை நான்கு ஆண்டுகள் ஒரு டெஸ்டும் இல்லை. அந்தக் காலத்தில் ஹெட்லி இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் மன்றத்திற்காகச் சம்பளத்துக்கு ஆடினார். உலகத் தரத்தின் உச்சியில் இருந்த மனிதர் ஆலைத் தொழிலாளர் ஊர்களின் சனிக்கிழமை ஆட்டங்களில் குடும்பத்துக்கான வருமானத்தைத் தேடினார்.

பிறகு போர் வந்தது. 1939 ஆகஸ்டில் 30 வயதில் ஆடிய ஹெட்லி, அடுத்த டெஸ்டை 1948 ஜனவரியில் 38 வயதில் ஆடினார். போருக்கு முன் அவருடைய சராசரி 66.71. உடல் தளர்ந்த பிறகு ஆடிய மூன்று டெஸ்ட்தான் அதை 60.83க்கு இறக்கின.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். போர் பிராட்மனின் ஆண்டுகளையும் தின்றது. 40 இன்னிங்சில் எடுத்த சராசரியும் 80 இன்னிங்சில் எடுத்த சராசரியும் ஒரே எடை கொண்டவை அல்ல. இன்றைய பந்தடிப்பாளர்களுக்கும் தனிச் சுமைகள் உண்டு. ஒவ்வொரு பலவீனத்தையும் கணினியில் அலசிவிட்டு வரும் எதிரணிகள், ஆண்டு முழுவதும் ஓயாத ஆட்டங்கள், மூன்று வகைக் கிரிக்கெட். தலைக்கவசமும் மூடிய ஆடுகளமும் அவர்களுக்குக் கிடைத்த வசதிகள். ஒரு காலத்து ஓட்டத்தை இன்னொரு காலத்து ஓட்டத்தோடு நேருக்கு நேர் வைக்க முடியாது. தன் காலத்தின் மற்றவர்களைவிட ஒருவர் எவ்வளவு உயரம் நின்றார், எதைத் தாங்கிக்கொண்டு நின்றார் என்றுதான் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கும்போது ஹெட்லியை ஒதுக்கிவிட்டு எந்தப் பட்டியலும் போட இயலாது.

கொடுக்கப்படாத தலைமை

எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத இன்னொரு கணக்கு உண்டு. அன்றைய மேற்கிந்தியத் தீவுகள் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தன. அணியில் கறுப்பினத்தவர் ஓட்டம் எடுக்கலாம், விக்கெட் வீழ்த்தலாம். தலைவராக நியமிக்கப்படுபவர் வெள்ளையராகவே இருந்தார். 1930 தொடரின் நான்கு டெஸ்டுக்கு நான்கு வெவ்வேறு தலைவர்கள். ஆட்டம் எந்தத் தீவில் நடக்கிறதோ அந்தத் தீவின் வெள்ளையர் ஒருவருக்குத் தலைமை போனது. இருபது வயது ஹெட்லி அந்த நான்கு பேரின் கீழும் ஆடினார். 1939இல், உலகின் மிகச் சிறந்த பந்தடிப்பாளர்களில் ஒருவராகப் பத்தாண்டு அனுபவத்தோடு நின்றபோதும், தலைமை ரோல்ஃப் கிரான்ட் என்ற வெள்ளையருக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஆட்டத்தில் கிரான்ட் ஹெட்லிக்கு எட்டாத தூரத்தில் இருந்தவர்.

போருக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. தீவுகளில் தொழிற்சங்கங்களும் விடுதலைக் குரல்களும் வலுத்தன. ஹெட்லியைத் தலைவராக்கு என்ற கோரிக்கையும் அதனோடு சேர்ந்தே எழுந்தது. 1948 ஜனவரியில் பிரிட்ஜ்டவுனில் இங்கிலாந்தை எதிர்த்த முதல் டெஸ்டில் ஹெட்லி அணித் தலைவராகத் திடலில் இறங்கினார். டெஸ்டில் மேற்கிந்தியத் தீவுகளுக்குத் தலைவராக நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர். அப்போதும் தொடர் முழுவதற்கும் தலைமை கொடுக்கப்படவில்லை. அந்த ஆட்டத்திலேயே முதுகில் காயம்பட்டதால் மற்ற டெஸ்டுகளில் அவரால் ஆட முடியவில்லை. ஒரே ஒரு டெஸ்டோடு அவருடைய தலைமை முடிந்தது.

அந்த ஓர் ஆட்டத்தில் அவர் தலைமையின் கீழ் இரண்டு இளைஞர்கள் அறிமுகமானார்கள். எவர்ட்டன் வீக்ஸ், கிளைட் வால்காட். அடுத்த ஆட்டத்தில் ஃபிராங்க் வொரல் வந்து சேர்ந்தார். மூவரும் சேர்ந்து மேற்கிந்தியத் தீவுகளை உலக அணியாக்கினார்கள். ஒரு கறுப்பினத்தவருக்கு முழுத் தொடரின் தலைமை கிடைக்க மேலும் 12 ஆண்டுகள் ஆயின. 1960இல் அது வொரலுக்குக் கிடைத்தது. கதவைத் திறந்து கொஞ்சம் இடைவெளி காட்டியவர் ஹெட்லி. உள்ளே நடந்து போனவர் வொரல்.

மக்கள் அனுப்பிய பயணச்சீட்டு

1948 இறுதியில் மேற்கிந்தியத் தீவுகள் முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது ஹெட்லியும் வந்தார். டெல்லியில் ஒரு டெஸ்ட் மட்டும் ஆடினார். எடுத்தது 2 ஓட்டம். காயம் அவரை மறுபடியும் ஓரம்கட்டியது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த வேளையில், 1954இல் இங்கிலாந்து அணி ஜமைக்கா வந்தது. அப்போது ஹெட்லி இங்கிலாந்தில் மன்றங்களுக்காக ஆடிக்கொண்டிருந்தார். அவரை ஊருக்கு வரவழைக்க ஜமைக்கா மக்கள் தாங்களாகவே பணம் திரட்டினார்கள். கிங்ஸ்டன் டெஸ்டில் 44 வயதில் மட்டையோடு இறங்கினார். எடுத்தது 16, 1. மேற்கிந்தியத் தீவுகளுக்காக டெஸ்ட் ஆடிய ஆக மூத்தவர் அவர்தான். அந்தத் தேர்வை அறிவுள்ளது என்று சொல்ல முடியாது. ஆனால், தங்கள் சுமையைப் பத்தாண்டு தாங்கிய மனிதரைக் கடைசியாக ஒருமுறை திடலில் பார்க்க ஏழை எளியவர்கள் கைப்பணத்தைப் போட்டார்கள் என்பது வேறெந்தச் சாதனைக்கும் குறைந்ததல்ல.

அதன் பிறகு ஜமைக்கா அரசு அவரைக் கிரிக்கெட் பயிற்றுநராக நியமித்தது. வசதியில்லாத பிள்ளைகளிடையே திறமையைத் தேடுவது அவருக்குப் பிடித்த வேலை. கையுறை இல்லாமல் விக்கெட் காத்த பையனை அவர் மறக்கவில்லை போலும்.

அவருடைய மகன் ரான் ஹெட்லி 1973இல் மேற்கிந்தியத் தீவுகளுக்காக இரண்டு டெஸ்ட் ஆடினார். பேரன் டீன் ஹெட்லி வேகப்பந்துவீச்சாளராக இங்கிலாந்து அணிக்கு 15 டெஸ்ட் ஆடினார். தாத்தா, மகன், பேரன் என மூன்று தலைமுறையும் டெஸ்ட் ஆடிய குடும்பங்கள் உலகில் மிகச் சில. பேரன் ஆடியது எந்த அணியை எதிர்த்துத் தாத்தா தன் முதல் சதத்தை அடித்தாரோ அந்த அணிக்காக.

ஜார்ஜ் ஹெட்லி 1983 நவம்பர் 30ஆம் தேதி கிங்ஸ்டனில் 74ஆம் வயதில் காலமானார். அவர் 223ஐயும் 270ஐயும் அடித்த சபீனா பார்க் அரங்கில் ஒரு பார்வையாளர் மாடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வெள்ளிப் பட்டியலில் சம்பளம் வாங்கிய ஒரு கூலித் தொழிலாளியின் மகன், பல் மருத்துவராக வேண்டியவர், மழையில் நனைந்த மண்ணில் உலகின் மற்ற எவரையும்விட நன்றாக ஆடினார். அடுத்த முறை தலைசிறந்த பந்தடிப்பாளர் யார் என்ற பேச்சு எழும்போது, 99.94ஐச் சொல்லி யாராவது முடித்துவைக்கப் பார்த்தால், ஈர ஆடுகளத்தில் 39.85 எடுத்தவரின் பெயரையும் மேசையில் வைக்கலாம். பேச்சு இன்னும் கொஞ்ச நேரம் நீளும். தேநீர் ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.